கடைசி ஞாயிறுக்கு முன்னால் மூன்று ஊர்கள்

2023 மே 25, வியாழன் – லெஸ்டர்

லண்டனில் அலுவலக வேலை நினைத்ததைவிட முன்னதாகவே முடிந்துவிட்டதால், ஊர் திரும்பும் வரை மீதமிருந்த நாட்களை லெஸ்டரில் முதுகலை படிக்கும் அக்கா மகனோடு கழிக்கலாம் என்று கிளம்பினேன். மலை, ஏரி என்று எங்காவது அழைத்துப் போவான் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ரயில் நிலையத்து வாசலில் என் பெட்டியை வாங்கிக்கொண்ட கையோடு அவன் எனக்குக் காட்டியது கைப்பேசியில் இருந்த, இங்கிலாந்துக் கால்பந்தின் மேல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் புள்ளிப்பட்டியலை; அதுவும் பட்டியலின் அடிப்பகுதியை மட்டும். ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்று. இருபது கழகங்களில் கடைசி மூன்று இரண்டாம் நிலைப் போட்டியான சாம்பியன்ஷிப்புக்கு இறக்கப்படும். சவுத்தாம்ப்டன் ஏற்கெனவே இறங்கிவிட்டது. மிச்சமிருக்கும் இரண்டு இடங்களுக்குள் விழாமல் தப்பிக்க லிவர்பூல் நகரின் எவர்ட்டன் 33 புள்ளிகளோடும், லெஸ்டரும் லீட்ஸும் தலா 31 புள்ளிகளோடும் நிற்கின்றன. மூன்றில் ஒன்றுதான் பிழைக்கும்.

"எவர்ட்டன் ஜெயித்துவிட்டால் எங்கள் கதை முடிந்தது, மாமா. அவர்கள் டிரா செய்து நாங்கள் ஜெயித்தால் புள்ளி சமமாகும், ஆனால் நாங்கள் தப்பிப்போம், எங்கள் கோல் வித்தியாசம் மைனஸ் 18, அவர்களுடையது மைனஸ் 24" என்று அவன் ஒப்பித்ததைக் கேட்டபோது, பத்தாம் வகுப்பில் இவனுக்குக் கணக்கு வரவில்லை என்று அக்கா தொலைபேசியில் அழுதது நினைவுக்கு வந்தது.

கிங் பவர் மைதானத்தில் அன்று ஆட்டம் எதுவும் இல்லாததால் காற்றும் வெயிலும் மட்டுமே இருந்தன. வெளியே கழகத்தின் உரிமையாளராக இருந்த தாய்லாந்துக்காரர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபாவின் சிலை நிற்கிறது. 2018 அக்டோபரில் ஓர் ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலிருந்து கிளம்பிய அவருடைய ஹெலிகாப்டர் அருகிலேயே விழுந்து அவரும் உடனிருந்தவர்களும் இறந்தார்கள். ஜெயிக்கவே ஜெயிக்காது என்று பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் விலை வைத்திருந்த கழகம் 2016இல் சாம்பியன் ஆனது அவருடைய காலத்தில்தான்; 2021இல் எஃப்.ஏ. கோப்பையையும் முதல் முறையாக வென்றார்கள். போன பருவத்தில் எட்டாம் இடத்தில் முடித்தவர்கள் இந்தப் பருவத்தில் இப்படிச் சரிந்ததற்கு மருமகன் தந்த விளக்கம் நீண்டது. பெருந்தொற்றில் உரிமையாளர் குடும்பத்தின் வரியில்லாக் கடை வியாபாரம் படுத்ததால் அவர்கள் கை இறுகியது. 2021-22 கணக்கில் கழகத்துக்கு 9.25 கோடி பவுண்டு நட்டம். போன கோடையில் தடுப்பாட்டக்காரர் ஃபொஃபானாவைச் செல்சிக்கு விற்றுவிட்டு வூட் ஃபாஸ் என்ற ஒரே ஒரு தடுப்பாட்டக்காரரை வாங்கினார்கள். பல்லாண்டு கோல்காத்த காஸ்பர் ஷ்மைக்கேலும் போய்விட்டார். கோப்பை இறுதியில் ஒற்றைக் கோலடித்த டீலமன்ஸின் ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிவதால் அவர் ஒரு காசு பெற்றுத்தராமலேயே கிளம்பப் போகிறார். இவையெல்லாவற்றையும்விட அவனுக்கு ஆத்திரம் திங்கட்கிழமை நியூகாசிலில் நடந்ததன் மீதுதான். ஜெயித்தே ஆகவேண்டிய நிலையில், புதிய மேலாளர் டீன் ஸ்மித் அணியின் முக்கிய ஆட்டக்காரர்களான மாடிசனையும் ஹார்வி பார்ன்ஸையும் வெளியே உட்கார வைத்துவிட்டுத் தடுப்பாட்டம் ஆடி, கோலில்லாமல் ஒரு புள்ளி வாங்கி வந்தார். அந்த ஒரு புள்ளியால் விதி இப்போது அடுத்தவர் கையில் இருக்கிறது என்பது அவன் வாதம். அதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது.

மாலையில் பெல்கிரேவ் சாலையில் ஒரு குஜராத்தி உணவகத்தில் தாலி சாப்பிட்டோம். பத்து பவுண்டுக்கும் குறைவான விலையில் டோக்ளா, கடி, இரண்டு காய், சுடச்சுட வந்துகொண்டே இருந்த ரொட்டி. லண்டன் விலையில் நொந்துபோயிருந்த எனக்கு அது கொடையாகத் தோன்றியது. பரிமாறிய முதியவர் 1972இல் உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். மருமகனின் நீலச் சட்டையைப் பார்த்ததும் கூடுதலாக ஒரு ஜிலேபி வைத்தார். 2008இல் கழகம் மூன்றாம் நிலைக்கே இறங்கியதைத் தான் பார்த்திருப்பதாகவும், எட்டு ஆண்டில் அங்கிருந்து சாம்பியன் ஆனதையும் பார்த்ததாகவும் சொல்லி அவனைத் தேற்றினார். அவன் தேறியதாகத் தெரியவில்லை.

மற்ற இரண்டு ஊர்களிலும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உளவு பார்த்துவரும்படி படுக்கப் போகும் முன் அவன் விளையாட்டாகச் சொன்னான். ஏரிகளைவிட அது நல்ல யோசனையாகத் தோன்றியது.

2023 மே 26, வெள்ளி – லீட்ஸ்

ஷெஃபீல்டில் வண்டி மாறவேண்டும். அங்கே சிக்னல் கோளாறு என்று சொல்லி ஒன்றரை மணி நேரம் நடைமேடையில் நிறுத்தி வைத்தார்கள். அறிவிப்புப் பலகையில் நேரம் ஐந்தைந்து நிமிடமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் என்று சொல்லியிருந்தால் வெளியே போய் வயிறாரச் சாப்பிட்டு வந்திருப்பேன். பக்கத்தில் நின்ற இளைஞர் தம் மனைவி கட்டிக்கொடுத்த சாண்ட்விச்சில் பாதியை, முன்பின் தெரியாத எனக்குக் கேட்காமலே நீட்டினார். லீட்ஸ் ரசிகரான அவர், நான் போகும் இடம் எது என்று விசாரித்துவிட்டு, 'இந்த வாரம் பார்த்தா வருகிறீர்கள்?' என்று சிரித்தார்.

லெஸ்டரில் நான் பார்த்தது நம்பமுடியாத திகைப்பு. லீட்ஸில் அது இல்லை. இவர்கள் துக்கத்தை முன்கூட்டியே கொண்டாடி முடித்தவர்களைப் போல இருந்தார்கள். 2004இல் கடன் சுமையால் கீழே போய், 2007இல் அதற்கும் கீழே போய், பதினாறு ஆண்டு கழித்து 2020இல் பியெல்சா என்ற அர்ஜென்டின மேலாளரால் மேலே வந்த கழகம் இது. அவருடைய முகத்தை ஊரில் சுவரோவியமாகவே தீட்டி வைத்திருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் அவரை நீக்கினார்கள். அந்தப் பருவத்தின் கடைசி நாளில் பிரென்ட்ஃபோர்டில் ஜெயித்துத் தப்பினார்கள். பிறகு ரஃபீன்யாவையும் கால்வின் ஃபிலிப்ஸையும் விற்றார்கள், மேலாளர்கள் மார்ஷையும் கிராசியாவையும் மாற்றினார்கள், ஏப்ரலில் சொந்த மைதானத்திலேயே எட்டு நாள் இடைவெளியில் 5-1, 6-1 என்று தோற்றார்கள். நான்கே ஆட்டம் மிச்சமிருக்கையில், 'எரியும் வீட்டுக்கு ஆளனுப்பு' என்ற கணக்கில் சாம் அல்லார்டைஸை மேலாளராக அழைத்துவந்தார்கள். புகழ்பெற்ற மேலாளர்களான கார்டியோலாவுக்கும் கிளாப்புக்கும் தான் சளைத்தவரல்லர் என்று வந்த நாளிலேயே சொன்ன அவருடைய கணக்கில் மூன்று ஆட்டங்களுக்குப் பின் இருப்பது ஒரே ஒரு புள்ளி.

லீட்ஸின் மைதானமான எலண்ட் ரோட்டில், கழகத்தின் பழைய அணித்தலைவர் பில்லி பிரெம்னர் சிலையின் காலடியில் யாரோ கட்டிவிட்டுப் போன கழுத்துத்துணிகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அருகிலிருந்த மீன் பொரிக்கும் கடையில் வரிசையில் நின்றபோது, கல்லாவில் இருந்த பெண்மணி என் முறை வருமுன்பே குரலைத் தாழ்த்தி, தங்கள் கடையில் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். யார்க்‌ஷயரில் அது பழைய வழக்கமாம். வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்காதபடி அவர் அதைக் கேட்ட விதம் நாகரிகமாக இருந்தது. கொழுப்பில் பொரிக்காத கடை இரண்டு தெரு தள்ளி இருப்பதாக வழியும் சொன்னார். அங்கே மீனும் உருளைக்கிழங்கும் 11 பவுண்டு. இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

அந்தக் கடையில் உட்கார்ந்திருந்த இருவர் பேசிக்கொண்டது முழுக்க லீட்ஸின் முன்கள வீரர் பேம்ஃபோர்டைப் பற்றி. மே 13 அன்று நியூகாசிலுக்கு எதிராக 1-0 என்று முந்தியிருந்தபோது கிடைத்த பெனால்டியை அவர் தவறவிட்டார். ஆட்டம் 2-2 ஆனது. அதை அடித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை எப்படியிருக்கும் என்று ஒருவர் கேட்க, ஞாயிற்றுக்கிழமை டோட்டன்ஹாமை மூன்று கோல் வித்தியாசத்தில் வெல்லவும், எவர்ட்டன் டிரா செய்யவும், லெஸ்டர் ஜெயிக்காமலிருக்கவும் நாம் வேண்டிக்கொள்ளாமல் நிம்மதியாக இருந்திருப்போம் என்றார் மற்றவர். எவர்ட்டன் தோற்றுவிட்டால் அவ்வளவு கோல் வேண்டாமே என்று நான் நுழைந்தேன். இருவரும் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். ஜெயிப்பது ஒன்று இருக்கிறதே என்றார் ஒருவர்.

2023 மே 27, சனி – லிவர்பூல்

நகரின் நடுவே முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்த அறை, நான் போய் நின்றபோது இல்லை என்றானது. வரவேற்பில் இருந்த பையன் கணினியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரே அறையை இருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். விடுமுறை வார இறுதி என்பதால் மற்ற விடுதிகளில் விலை 200 பவுண்டைத் தாண்டியிருந்தது. கடைசியில் வால்டன் பகுதியில், எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார் தம் வீட்டு மாடியறையை 55 பவுண்டுக்கு விடுவதாகத் தெரிந்து போனேன். பேருந்துக் கட்டணம் எவ்வளவு தூரமானாலும் 2 பவுண்டு என்று அரசு உச்சவரம்பு வைத்திருந்ததால் போக்குவரத்துச் செலவு மட்டும் கையைக் கடிக்கவில்லை.

ஆக, அறை போனது நன்மையாக முடிந்தது. அந்த வீட்டிலிருந்து எவர்ட்டனின் குடிசன் பார்க் மைதானம் பொடிநடைத் தூரம். 1892இல் திறந்த மைதானம். நான்கு பக்கமும் வீடுகள் நெருக்க, ஒரு மூலையில் செயின்ட் லூக்ஸ் தேவாலயம் பார்வையாளர் மாடங்களுக்கு இடையே தோளை நுழைத்துக்கொண்டு நிற்கிறது. புல்லன்ஸ் ரோட் பக்க மாடத்தின் முகப்பில் ஆர்ச்சிபால்டு லீச் வடிவமைத்த குறுக்குநெடுக்கான இரும்புச் சட்டங்களை இன்றும் காணலாம். தூண்கள் மறைப்பதால் சில இருக்கைகளிலிருந்து கோல் கம்பம் தெரியாது என்றும், அந்த இருக்கைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் இல்லை என்றும் வாசலில் நின்ற காவலர் சொன்னார்.

அம்மையார் இரவுக்கு ஸ்கவுஸ் சமைத்திருந்தார். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் கேரட்டும் நெடுநேரம் கொதித்துக் குழைந்த குழம்பு, தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ். காரமில்லை என்ற குறையை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரே மிளகுக் குப்பியை என் பக்கம் தள்ளி வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே, சாம்பியன்ஷிப்பிலிருந்து மேலே வரும் மூன்றாவது கழகத்தைத் தீர்மானிக்கும் வெம்பிளி ஆட்டத்தின் மறு ஒளிபரப்பைப் பார்த்தோம். 2014 வரை ஐந்தாம் நிலையில் கிடந்த லூட்டன், கவன்ட்ரியைப் பெனால்டியில் 6-5 என்று வென்றது. லூட்டனின் கெனில்வொர்த் ரோட் மைதானத்துக்கு வரிசை வீடுகளின் நடுவே, யார் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கோ போவதுபோல நுழையவேண்டும். கொள்ளளவு பத்தாயிரம் சொச்சம். அவர்கள் மேலே வருகிறார்கள், நாற்பதாயிரம் பேரை வைத்துக்கொண்டு நாங்கள் கீழே போகப்போகிறோம் என்றார் அம்மையார். பொறாமையாகச் சொல்லவில்லை, கணக்குப்பிள்ளை வரவு செலவு படிப்பதுபோலச் சொன்னார்.

எவர்ட்டன் ஒன்பது முறை லீக் வென்ற கழகம். 1930இலும் 1951இலும் மட்டுமே இறங்கியது; 1954இலிருந்து மேல்தட்டை விட்டு விலகவில்லை. அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது வறுமை அன்று. பணத்தை இறைத்த விதம். 2016இல் முதன்மைப் பங்குதாரராக வந்த ஃபர்ஹாத் மொஷிரி ஐம்பது கோடி பவுண்டுக்கு மேல் வீரர்கள்மீது கொட்டினார். ஒரு மேலாளர் கேட்ட ஆட்டக்காரரை அடுத்த மேலாளர் வேண்டாமென்றார். 2021 வரையிலான கணக்குகளில் நட்டம் 37 கோடி பவுண்டைத் தாண்டியது. லீக் விதித்த வரம்பை மீறியதாக இந்த மார்ச் மாதம்தான் ஒரு தனி ஆணையத்திடம் விவகாரம் போயிருக்கிறது. நிர்வாகக் குழுவினர் ஜனவரிக்குப் பிறகு சொந்த மைதானத்துக்கே வருவதில்லை. இவ்வளவையும் செலவழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நிறுத்த ஒரு முறையான முன்கள வீரர் இல்லை, கால்வெர்ட்-லெவினுக்குக் காயம். இரு பக்கத் தடுப்பாளர்களும் காயம். 37 ஆட்டத்தில் அடித்த கோல் 33. ஜனவரி இறுதியில் லம்பார்டுக்குப் பதிலாக மேலாளராக வந்த ஷான் டைச், இருப்பதைக் கட்டி இழுத்துக்கொண்டு இதுவரை வந்திருக்கிறார். போன சனிக்கிழமை உல்வ்ஸ் மைதானத்தில் 99ஆம் நிமிடத்தில் யெரி மினா அடித்த கோல் தந்த ஒரு புள்ளியையும் சேர்த்து, இன்று யாரையும் எதிர்பார்க்காமல் பிழைக்கக்கூடிய ஒரே கழகம் எவர்ட்டன்தான்.

1994இல் கடைசி நாளன்று விம்பிள்டனிடம் இரண்டு கோல் பின்தங்கி, மூன்று அடித்துத் தப்பிய கதையை அம்மையார் சொன்னார். அன்று ஒரு பக்க மாடத்தை இடித்துப் போட்டிருந்ததால், டிக்கெட் கிடைக்காதவர்கள் ஸ்டான்லி பூங்கா மரங்களில் ஏறிப் பார்த்தார்களாம். மறைந்த அவர் கணவரும் ஏறியவர்; முதல் கோல் விழுந்தபோது இறங்கி, வீட்டுக்கு வந்து, மீண்டும் போய் ஏறினாராம். 1998இல் போல்டனைக் கோல் வித்தியாசத்தில் முந்தியும் தப்பியிருக்கிறார்கள். 'நாளைக்கும் தப்பிவிட்டால் இந்த ஆட்கள் எதையும் கற்றுக்கொள்ளமாட்டார்கள்' என்று பாத்திரம் கழுவும்போது அவர் முணுமுணுத்தார். அப்படியானால் இறங்குவது நல்லதா என்று கேட்டேன். தட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் அந்தக் கேள்வியை எவர்ட்டன்காரர் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

2023 மே 28, ஞாயிறு – லிவர்பூல்

சுள்ளென்ற வெயில். நாலரை மணி ஆட்டத்துக்கு ஒரு மணிக்கே குடிசன் ரோட்டில் நடக்க இடமில்லை. அணியின் பேருந்து வந்தபோது கொளுத்திய நீலப் புகையில் எதிரே நின்றவரின் முகம் தெரியவில்லை, இருமிக்கொண்டே பாடினார்கள். என் தோளில் உட்காரவைக்கட்டுமா என்று கேட்காமலே ஒருவர் தம் மகனை என் தோளில் ஏற்றிவிட்டார். புகை அடங்கியதும் இறக்கிக்கொண்டு, நன்றி சொல்லி, ஒரு புதினா மிட்டாய் தந்தார்.

டிக்கெட் இல்லாதவர்களோடு கவுன்ட்டி ரோட்டில் ஒரு மதுக்கடையில் ஒதுங்கினேன். அரை பைன்ட் பியர் 2 பவுண்டு 20 பென்ஸ். அது கைக்கு வரப் பிடித்த நேரம் இருபது நிமிடம். எதிரணியான போர்ன்மவுத், ஆகஸ்டில் 9-0 என்று தோற்று எல்லாராலும் கைவிடப்பட்ட கழகம். இப்போது சாவகாசமாகத் தப்பித்துவிட்டு விருந்தாளியாக வந்திருந்தது.

முதல் பாதியில் பார்க்க ஒன்றுமில்லை. லீட்ஸ் இரண்டாம் நிமிடத்திலேயே கோல் வாங்கியது என்ற செய்தி வந்தபோது யாரும் பெரிதாக ஆரவாரம் செய்யவில்லை. 34ஆம் நிமிடத்தில் லெஸ்டருக்காக பார்ன்ஸ் அடித்தார். திங்கட்கிழமை வெளியே உட்கார வைக்கப்பட்ட அதே பார்ன்ஸ். அந்தக் கணத்தில் எவர்ட்டன் 18ஆம் இடத்துக்குப் போனது. கடையில் பேச்சு நின்றது. என் பையில் இருந்த கைப்பேசி மட்டும் அதிர்ந்தது: 'மாமா!!!' என்று மருமகன். நான் அதை எடுத்துப் பார்த்த விதத்தைக் கண்டு பக்கத்திலிருந்தவர், நீங்கள் யார் பக்கம் என்று கேட்டார். விருந்தினன் என்றேன்.

57ஆம் நிமிடத்தில் நடந்ததைச் சற்று விளக்கமாகச் சொல்லவேண்டும். தொலைக்காட்சியில் பந்து போர்ன்மவுத் பெட்டிக்கு அருகே எவருக்கும் உரிமையில்லாமல் தத்திக்கொண்டிருந்தது. அதற்குள் கடையின் பின்சுவருக்கு அப்பாலிருந்து, மைதானத்துப் பக்கமிருந்து, ஒரு பேரொலி வந்து கண்ணாடிக் குவளைகளை நடுங்க வைத்தது. ஒளிபரப்பு சில நொடி பின்தங்கி வருவதால், கோல் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. யார், எப்படி என்பது தெரியவில்லை. பாதிப் பேர் கத்தத் தொடங்கிவிட்டார்கள். மீதிப் பேர் வாயைத் திறந்தபடி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் காத்திருந்தார்கள். பிறகுதான் திரையில் பந்து பெட்டிக்கு வெளியே அப்துலாய் டூகுரேயிடம் வந்தது, அவர் தரையில் பட்டு எழுந்த பந்தை ஓங்கி உதைத்தார், வலை அசைந்தது. லம்பார்டு காலத்தில் ஓரங்கட்டப்பட்டு, டைச் வந்து திரும்ப எடுத்துக்கொண்ட ஆட்டக்காரர் அவர். என் பியரில் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை; முழுக்க என் சட்டையில் இருந்தது.

லெஸ்டர் இரண்டாவது கோலும் அடித்தது. ஆனால் இங்கே 1-0 இருக்கும்வரை அதற்குப் பலனில்லை. கூடுதல் நேரம் 10 நிமிடம் என்று பலகை காட்டியபோது கடையிலிருந்து எழுந்த வசவுகளை எழுத முடியாது. அதில் ஒரு தருணம், போர்ன்மவுத்தின் வின்யா அடித்ததை எவர்ட்டன் கோல்காப்பாளர் பிக்ஃபோர்டு தட்டிவிட்டார். இந்த முறை சுவருக்கு அப்பாலிருந்து வந்தது பெருமூச்சு போன்ற ஒரு முனகல் என்பதால், திரையில் அந்தப் பந்து வலையை நோக்கிப் போகையில் எங்களுக்குப் பயம் இல்லை. ஒலி முந்துவதை இரண்டு முறை பழகியவுடன் பலர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் காதை வைத்து நின்றார்கள்.

முடிவு: எவர்ட்டன் 36, லெஸ்டர் 34, லீட்ஸ் 31. லீட்ஸ் 4-1 என்று தோற்றது. மைதானத்துக்குள் ரசிகர்கள் இறங்கி ஓடினார்கள். கொண்டாட்டப் பாட்டு ஓய்வதற்குள்ளேயே நிர்வாகக் குழு வெளியேறவேண்டும் என்ற முழக்கமும் கேட்டது. டைச்சின் முகத்திலும் பெரிய மகிழ்ச்சி இல்லை. ஒரு வாசலில் சிரித்து மறு வாசலில் சண்டை போடும் இந்த மனநிலை எனக்கு முதலில் முரணாகப் பட்டது; ஸ்கவுஸ் சாப்பிட்ட இரவில் கேட்ட கணக்கை நினைத்தால் முரண் ஒன்றுமில்லை.

மருமகனை அழைத்தேன். எடுக்கவில்லை.

2023 மே 29, திங்கள் – லிவர்பூல்

வங்கி விடுமுறை. காலை உணவான பீன்ஸ், முட்டை, தக்காளியோடு அம்மையார் செய்தித்தாளையும் வைத்தார். முதல் பக்கத்தில் டூகுரே. அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைக்கும் வயது தாண்டிவிட்டது என்றார். ஆனால் எனக்குப் படிக்கத் தந்த பிரதியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மெர்சி ஆற்றங்கரையில் பிராம்லி-மூர் துறைமுகத்துக்குப் போனேன். பழைய துறைமுகக் குளத்தை மணலால் நிரப்பி, அதன்மேல் 52,000 பேருக்கான புதிய மைதானம் எழும்பிக்கொண்டிருக்கிறது. இரும்புக் கூரைச் சட்டங்கள் வானத்தை மறிக்கின்றன. நேற்று அந்தப் பந்து வலைக்கு வெளியே போயிருந்தால், இதைக் கட்டி முடிக்கும் கழகம் இரண்டாம் நிலை வருமானத்தில் ஓடியிருக்கும். பிரீமியர் லீக்கில் கடைசி இடத்துக்கே தொலைக்காட்சிப் பங்காக ஏறத்தாழ பத்துக் கோடி பவுண்டு கிடைக்கிறது. இறங்கியவர்களுக்கு அதில் சமப்பங்காகப் பிரிக்கும் பகுதியில் முதல் ஆண்டு 55 விழுக்காடும், அடுத்த ஆண்டு 45 விழுக்காடும் ஈடாகத் தருவார்கள். சம்பளச் சுமை அதற்கேற்பக் குறையாது. ஆற்றுக்காற்று குளிராக அடித்தது. வேலிக்கு வெளியே ஒரு தகப்பனும் மகளும் எந்த இடத்தில் தங்கள் இருக்கை அமையும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

ரயில் ஏறுமுன் மருமகன் தானே அழைத்தான். குரல் கரகரத்திருந்தது. மாடிசன், பார்ன்ஸ் இருவரும் இனி இருக்கமாட்டார்கள் என்றான். அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். அந்தக் குஜராத்திப் பெரியவர் நேற்று இரவு கடையை மூடிவிட்டாராம், அவரும் ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்ததாம்.

"சாம்பியன்ஷிப்பில் 46 ஆட்டம், மாமா. செவ்வாய், புதன் என்று வார நாளிலும் ஆடுவார்கள். பருவச்சீட்டு இந்த வருடம் எனக்கும் கிடைத்துவிடும்" என்றான்.

அக்காவிடம் சொல்லவேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டான். பணம் நான்தான் அனுப்பவேண்டுமாம்.